ஆகஸ்ட் மாதச் சுற்றறிக்கை

மொண்டெவிதேயோவில் ஆகஸ்ட் என்றால் தெற்குக் காற்று.
சங்கத்தின் பின்னறையில் ஒற்றை ஹீட்டர்,
அதற்கும் பொருளாளர் நில்சா கணக்குக் கேட்கிறாள்.
நாட்டின் சமூகவியலாளர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
மாதம் ஒருமுறை செய்தி தொகுப்பது என் வேலை.
வேலை என்பது பேச்சுக்கு.
சம்பளம் கிடையாது.

முதலில் இறப்பு, அதுதான் வழக்கம்.
வில்மார் எச்செனிகே, வயது எண்பத்தொன்று.
இறைச்சி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி
பாதி எழுதியிருந்தபோது ராணுவம் வந்தது.
பல்கலைக்கழகம் வெளியே தள்ளியது.
பதினோரு வருடம் தண்ணீர் மீட்டர் பார்த்தார்
வீடு வீடாக.
மீட்டர் அளவுக்குப் பக்கத்தில், பென்சிலில்,
எந்தத் தெருவில் எத்தனை வீடு
திடீரென்று தண்ணீர் செலவழிப்பதை நிறுத்தியது
என்று குறித்துக்கொண்டே போனார்.
நோட்டுகள் முப்பத்தாறு. மகள் தரத் தயார்.
வைக்க இடமில்லை நம்மிடம்.
அலமாரி தேவை என்று கீழே ஒரு வரி சேர்க்கிறேன்.

அடுத்து வாய்ப்புகள்.
சால்தோவில் விரிவுரையாளர்:
வாரம் இருபது மணி நேரம், பத்து மாத ஒப்பந்தம்,
பேருந்துக் கட்டணம் அவரவர் பொறுப்பு.
இளம் ஆய்வாளருக்கு உதவித்தொகை,
முப்பத்தைந்துக்குள்.
(தட்டச்சு செய்கிறவளுக்கு நாற்பத்தொன்று.)
நிலையற்ற உழைப்பு குறித்த கருத்தரங்கு:
கட்டுரை வாசிக்கிறவர்கள்
பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

திருத்தம்.
ரிவேராவில் கணக்கெடுப்பாளர்கள் நாற்பது பேர் தேவை
என்று சென்ற மாதம் எழுதியிருந்தோம். நான்கு.
ஒரு பூஜ்யம் தவறுதலாக நுழைந்துவிட்டது.
அந்தப் பூஜ்யத்தை நம்பிப் பேருந்து ஏறியவர்களிடம்
வருத்தம் தெரிவிக்கிறோம்.

பிறகு இந்த உறை.
வீட்டுவசதி அமைச்சகம். ஆய்வாளர் ஒருவர். மூன்று வருடம்.
ஓடைக்கரைக் குடியிருப்புகளில்
பத்தாண்டுக் கள அனுபவம் வேண்டும்.
என் தோளில் டேப்பை வைத்து
அளந்து தைத்த சட்டை மாதிரி இருந்தது.
வெள்ளிக்கிழமை நேரில் வர வேண்டும். இன்று செவ்வாய்.
சுற்றறிக்கை வழக்கமாக வியாழன் மாலைதான் போகும்.
நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை.
வழக்கப்படி இருந்தாலே போதும்.

தண்ணீர் கொதித்தது. மாத்தே இலையில் ஊற்றினேன்.
நானூற்றுப் பன்னிரண்டில் தகுதியுள்ளவர் அறுபது,
வேலை இல்லாதவர் அதில் பாதி,
காலணியில் ஓட்டை உள்ளவர் எத்தனை
என்று மனம் தன் பழைய தொழிலைச் செய்தது.
வாய்ப்பு என்ற சொல்லுக்குள்
ஒரு வாய் இருக்கிறது.
மூடிக்கொண்டும் இருக்கலாம் அது.

செவ்வாய் இரவே அனுப்பிவிட்டேன்.
ஏழாவது செய்தியாக, ஆமாம்,
கருத்தரங்குக்கும் அலமாரிக்கும் நடுவில்,
கண் தவறினால் தவறட்டும் என்று.
என்னை யாரும் நேர்மையானவள் என்று சொல்ல வேண்டாம்.

ஒருவர் கண்ணும் தவறவில்லை.
வெள்ளிக்கிழமை அமைச்சகப் படிகளில்
என் எண் இருபத்தொன்பது.
முன்னால் நில்சா, கக்கத்தில் கோப்பு.
"நீயுமா?" என்றாள்.
"நீயுமா?" என்றேன்.
ஹீட்டரைப் பற்றி இருவரும் பேசவில்லை.
வரிசையில் பெண்கள் பத்தொன்பது,
கையில் நம் தாளை மடித்து வைத்திருந்தவர் ஐந்து
(எண்ணாமல் நிற்கத் தெரியாது எனக்கு).
தகுரெம்போவிலிருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து வந்த
ஒசிரிஸ் என்பவன்
தன் மாத்தேயை என் பக்கம் நீட்டினான்.
இப்போதெல்லாம் குழாயைப் பகிர்வதில்லை நான்.
அன்று குடித்தேன்.

முடிவு இன்னும் வரவில்லை.
வந்தால் அதையும் நான்தான் தட்டச்சு செய்ய வேண்டும்,
வாழ்த்துகள் என்ற தலைப்பின் கீழ்,
யார் பெயராக இருந்தாலும்.

இப்போதைக்கு செப்டம்பரின் முதல் செய்தி:
அலமாரி கிடைத்தது. ஒசிரிஸ் தருகிறான்.
மூன்றடி அகலம்.
ஒரு கதவு சரியாக மூடாது.